ரசலையனின் ஆகாயப்படைக்கு ஒரு பெட்டி

"இனிமேல் என் மாமியாருக்காக இந்தக் கையால் ஒரு ஆணி அடித்தால் நான் ரசலையன் இல்லை."

வேதபுஸ்தகத்தின் மேல் கையை வைத்து ரசலையன் செய்த சத்தியம் இது. செய்த இடம் அடுக்களை. எதிரே, வெந்நீர் அடுப்பில், அவன் மூன்று மாதம் உட்கார்ந்து மரத்தில் செதுக்கிய ஹரிக்கேன் போர்விமானம் எரிந்துகொண்டிருந்தது.

மாமியார் ராகேல் அதை ஒரு தப்பாகவே எண்ணவில்லை.

"மழையில ஓலையெல்லாம் நனஞ்சு கெடக்கு மாப்பிள. இது நல்லா காஞ்சிருந்துது. வால வச்சதும் பிடிச்சிட்டு."

அந்த விமானம் பர்மாவில் ஒரு தடவை எரிந்தது. கடலோரத்தில், வட்டக்கோட்டைப் பக்கத்தில், ராகேலின் அடுப்பில், இன்னொரு தடவை எரிந்தது. முதல் தடவை அதற்குள் ஒரு பையன் இருந்தான். அது கிழவிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வெந்நீர் வெந்நீர்தான்.

யுத்தகாலத்தில் ரசலையன் பர்மா எல்லையில், இம்பாலில், விமானம் பழுதுபார்க்கிற ஆகாயப்படை பிட்டர். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷமாக நாகர்கோவில் பஸ் ஷெட்டில் பிட்டர். பகலில் பஸ்ஸைப் பிரித்துப் பூட்டுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முருக்குமரக் கட்டையில் விமானம் செதுக்குவான். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு; ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. கண்ட விமானத்தையும் செய்துவிட மாட்டான். அவன் இருந்த விமான மைதானத்திலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பி வராதவற்றை மட்டும்தான் செய்வான்.

மனைவி தங்கபாய் ஒரு தடவை கேட்டாள்.

"திரும்பி வந்ததுல ஒண்ணு செய்யப்படாதா?"

"அதுதான் வந்திட்டுல்லா. எதுக்குட்டி செய்யணும்?"

ஒவ்வொரு விமானத்தின் முன்கண்ணாடியையும் துடைத்து, இறக்கையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பியவன் இவன். போன பையன்களுக்கு மண்ணும் இல்லை, பெட்டியும் இல்லை. காட்டில் எங்கேயோ கிடந்தார்கள். அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே எல்லா விமானங்களையும் ஒன்றாக வைக்க நல்ல அயினிப் பலகையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்யவேண்டும் என்று பலகை வாங்கிப் பூட்டி வைத்திருந்தான்.

ஹரிக்கேன் எரிந்த மழைக்காலத்திலேயே ராகேல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, கட்டிலோடு ஆனாள். இனி எழுந்திரிக்கமாட்டோம் என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தங்கம், எனக்கு சொந்தமா ஒரு பெட்டி வேணும். அந்தக் கோயில் பெட்டியில மட்டும் என்னைய ஏத்திராத."

அவர்களுடைய வேதக்கோயில் சபையில் பொதுவாக ஒரு சவப்பெட்டி உண்டு. கோயிலின் பின்சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். பெட்டி வாங்க வழியில்லாதவர்களை அதில் வைத்துத் தூக்கிப்போய், குழியில் பாயோடு இறக்கிவிட்டு, பெட்டியைக் கழுவிப் பழைய இடத்தில் சாய்த்துவிடுவார்கள். அடுத்த ஆளுக்கு ஆகும்.

தங்கபாய் புருஷனிடம் வந்தாள்.

"அந்த அயினிப் பலகைய அம்மைக்குத் தந்திருங்க."

"தரமாட்டேன். அது பயக்களுக்குள்ளது."

"ஆசாரிய வச்சாவது..."

"எனக்க பலகையில ஆசாரியும் கைவைக்கப்படாது, ஆண்டவரும் கைவைக்கப்படாது. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

தங்கபாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை. சண்டை போடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கல்யாணமான எவனும் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். ரசலையன் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஒரு பீடி பற்றவைத்தான்.

நாலு நாள் கழித்துத் தங்கபாயே பேச்சை எடுத்தாள்.

"அலமாரி எப்பம் செய்யப்போறிய?"

ரசலையனுக்குப் பீடி கைநழுவியது. இவளா கேட்கிறாள்!

"கண்ணாடி வாங்கணும்."

"கண்ணாடி எதுக்கு? உப்புக்காத்து அதுக்க இடுக்குவழியா ஏறாதா? மூடி வச்ச பெட்டியாட்டு செஞ்சா ஒரு காத்தும் ஏறாது."

உப்புக்காற்று என்றதும் அவனுக்குத் துரு ஞாபகம் வந்தது. ஒரே ஆணி துருப்பிடித்தால் ஒரு விமானம் என்ன ஆகும் என்று இம்பாலில் பார்த்தவன்; பெட்டிக்கு ஆணியே வேண்டாம், பலகையை வெட்டிப் பொருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"சொல்லுதது சரிதான்" என்றான்.

அவள் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினாள். "நீளம் இவ்வளவு இருக்கட்டும்."

"இது எதுக்க அளவு?"

"அந்தச் சுவரோரத்துக்குள்ள அளவு. இனியும் வெமானம் வருமில்லியா? எடம் வேண்டாமா?"

வருமில்லியா! எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் ஒருத்தி அவனுடைய ஆகாயப்படை பெருகும் என்று நம்புகிறாள். ரசலையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே பலகைக்கு ரம்பம் வைத்தான்.

அதற்குப் பிறகு தங்கபாய் சொல்லச்சொல்ல அவன் செய்தான்.

"ஒரு பக்கம் அகலமா இருக்கட்டும், அந்தப் பெரிய டகோட்டா வெமானத்துக்கு. மத்தப் பக்கம் ஒடுக்கிருங்க, சின்னதுக்கு. பலகையும் மிச்சமாவும்."

"ஏட்டி, உனக்கு இஞ்சினியர் மூளையாக்கும்!"

"மூடி வெயிலுக்கு வளையுமே. நெட்டுக்கு ஒரு சட்டம், குறுக்க ஒரு சட்டம் வச்சு எறுக்கினா?"

"எறுக்கினா வளையாது."

"தூக்கதுக்குக் கைப்பிடி? எப்பமாவது எடம் மாத்த வேண்டியது வருமே."

பஸ் ஷெட்டில் கழித்துப்போட்ட பித்தளைக் கதவுப்பிடிகள் ஆறு கிடந்தன. கொண்டுவந்து தேய்த்து மினுக்கிப் பக்கத்துக்கு மூன்றாக நட்டும் போல்ட்டும் போட்டுப் பொருத்தினான். அழுக்கு தெரியாது என்று அவள் சொன்னதால் கறுப்பு வார்னிஷ் அடித்தான். இறக்கையில் கீறல் விழாது என்று சொன்னதால் உள்ளே வெள்ளை மல்துணி ஒட்டினான். இவ்வளவும் ஆனபிறகு அது என்ன பெட்டி என்று அந்த ஊரில் ஞாயிறுபள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ரசலையனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணுக்கு அதில் விமானங்கள்தான் தெரிந்தன.

கோயிலில் மணி அடிக்கிற பக்கத்து வீட்டு ஜான்ரோஸ் வேலிமேல் எட்டிப் பார்த்தான்.

"ஏலே ரசலையா, நல்லா வந்திருக்குடே. கெழவிக்கு எப்படி இருக்கு?"

"கெழவிக்கு என்ன, கெடக்கா. இது வெமானத்துக்குலே."

ஜான்ரோஸ் தங்கபாயைப் பார்த்தான். தங்கபாய் ஜான்ரோஸைப் பார்த்தாள். அவன் தலை வேலிக்குக் கீழே போய்விட்டது.

ரசலையன் விமானங்களைப் பெட்டிக்குள் வரிசையாக இறக்கினான். மூடியைச் சாத்தியபோது அழுதான். எட்டு வருஷத்துக்குப் பிறகு பையன்கள் ஒரு கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள் என்று இருந்தது அவனுக்கு.

பத்து நாள் கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் பஸ் ஷெட்டுக்கு ஆள் வந்தது. கிழவி போய்விட்டாள்.

ரசலையன் வீட்டுக்குள் நுழைந்தான். அடுக்களையில், அரிசி புடைக்கிற சுளவில், ஹரிக்கேன்களும் டகோட்டாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே ராகேல் படுத்திருந்தாள், வெள்ளைச் சேலை கட்டி. தலைமாட்டில் ஒரு விரல்கடை மிச்சமில்லை, கால்மாட்டில் ஒரு விரல்கடை மிச்சமில்லை. அளந்து செய்தது என்றால் அப்படி அளந்து செய்தது.

மனைவியை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏட்டி! அது எனக்க பெட்டி!"

"பைய பேசுங்க. ஆளுவ இருக்காவ."

"என்னைய ஏமாத்திட்டியே! அந்தக் கயிறு..."

"அம்மை ஒறங்கும்ப அளந்தது."

"நான் சத்தியம் பண்ணினேன்! ஒரு ஆணி அடிக்கமாட்டேன்னு வேதபுஸ்தகத்துல..."

"ஒரு ஆணி அடிச்சியளா? முழுக்க வெட்டிப் பொருத்தினது, ஒரு ஆணி கெடையாதுன்னு நீங்கதான ஊரெல்லாம் பெருமை பேசினிய? சத்தியம் அப்படியேதான் இருக்கு."

ரசலையன் சுளவைக் காட்டினான்.

"அந்தப் பயக்களுக்கு ஒரு பெட்டி இல்லாமப் போச்சேட்டி."

தங்கபாய்க்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

"அவியளுக்கு ஒடம்பும் இல்ல. அம்மைக்கு இருக்கு. கொள்ளநோய் வந்த வருஷம் எங்க அப்பாவ கோயில் பெட்டியில கொண்டுபோயி, குழியில கவுத்துட்டு, பெட்டியத் திரும்பக் கொண்டுவந்தாவ. அம்மை பாத்துட்டு நின்னா. அவ கையப் பிடிச்சிட்டு நானும் நின்னேன். அதத்தான் அவ சாவுமட்டும் சொல்லிட்டுக் கெடந்தா. இப்பம் போயி அவள எறக்குங்க. எறக்கிட்டு உங்க வெமானத்த அடுக்குங்க. நான் தடுக்கல்ல."

அவன் கிழவியை இறக்கவில்லை. முன்னறைக்குப் போய், ஒரு கைப்பிடி லேசாக ஆடுவதைப் பார்த்து, குறடு எடுத்து அதை இறுக்கினான். கிழவியின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தான். பயமில்லாமல் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் இந்தச் சபையில் மாமியாருக்குத் தன் கையாலேயே இப்படி ஒரு பெட்டி செய்த மருமகன் வேறு இல்லை என்று பிரசங்கித்தார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தங்கள் மருமகன்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மருமகன்கள் ரசலையனை முறைத்தார்கள். பஸ் கதவுப்பிடி மினுமினுக்க, எட்டு வருஷக் கனவு ஆறடி ஆழத்தில் இறங்கியது. முதல் பிடி மண்ணை ரசலையன்தான் போட்டான்.

சாயங்காலம் ஆட்களெல்லாம் போனபிறகு, அவன் சுளவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விமானமாகத் தவிடு துடைத்தான். தங்கபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"பலகை மிச்சம் இருக்கில்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கு."

"அப்பம் இன்னொரு பெட்டி செய்யுங்க. எல்லாத்தையும் அதுல அடுக்கி வச்சுக்கிடுங்க. இனி அத நான் தொடமாட்டேன்."

ரசலையனின் முகம் மலர்ந்தது. என்ன இருந்தாலும் நல்ல மனசுக்காரி. காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

தங்கபாய் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"நீளம் மட்டும் ஒரு சாண் கூட்டிப் போடுங்க. நீங்க அம்மையவிட ஒசரமாக்கும்."