எரிகல்லோனும் நிழல்வேங்கையும் ஒரே சுவரேறிய படலம்

வாழி, எண்ணிறந்தோர் எலும்பை எக்ஸ்ரேயில் கண்டவனே! ஈயக் கவசம் பூண்டு, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்னும் ஒற்றை ஆணையால் எப்பேர்ப்பட்ட மல்லனையும் அசையாது நிற்கச் செய்பவனே! மூன்று நாள் முன்பு தந்தையாகி, இன்னும் அதை நம்ப முடியாமல் திரிபவனே! உன் தூரிகை வாழி; அதில் மிஞ்சியிருக்கும் நாலு மயிரும் வாழி!

அவனுக்கு எதிராய், இல்லை, இம்முறை அவனுக்குத் துணையாய் வந்து நின்றான் அவன் மனைவியின் அண்ணன், கடைப் பலகைகளில் ஆளுயர எழுத்தெழுதும் அஞ்சாநெஞ்சன். பகை பழையது. மாப்பிள்ளை பிள்ளைப் பருவம் தொட்டுச் சிவப்பு அட்டைச் சித்திரக்கதைகளின் அடியவன். விழும் விண்மீனை வெறுங்கையால் பிடிக்கும் எரிகல்லோனே அவன் தெய்வம். மச்சானோ நீல அட்டைக் கட்சி. தன் நிழலாலேயே பகைவரை நசுக்கும் நிழல்வேங்கைக்கு உயிரையும் தருவான். இரு கம்பெனிகளும் தத்தம் வீரரை ஒரு நாளும் ஒரே கட்டத்தில் நிற்கவிட்டதில்லை. நேருக்கு நேர் மோதினால் வெல்வது யார் என்று ஆறாண்டுகளாக ஞாயிறுதோறும் இவ்விருவரும் தொண்டை கிழியக் கத்தி, ஆறிய சோற்றையே தின்றிருக்கிறார்கள்.

அப்போதுதான் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வந்தது பேராணை: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குழந்தையோட வந்துடுவேன். அதுக்குள்ள தொட்டில் போட்ட ரூம் சுவத்துல ஏதாச்சும் அழகா வரைஞ்சு முடிச்சிருக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் மொட்டை மாடிதான்!"

ஆகவே உடன்படிக்கை பிறந்தது. சிவப்பும் நீலமும் தோளோடு தோள் நின்று தொட்டிலைக் காக்கும். அவரவர் வீரனை அவரவரே வரைவது. ஒருவன் மற்றவனைவிட ஒரு விரற்கடையும் உயரக் கூடாது.

ஏணி வரத் தாமதமானதால் பாதங்களிலிருந்து தொடங்கினர். அங்கேயே வெடித்தது போர். நிழல்வேங்கையின் காலணிக்கு மச்சான் சத்தமில்லாமல் ஒரு குதியுயரம் கூட்ட, அளவுநாடாவை உருவிக்கொண்டு பாய்ந்தான் நம் நாயகன்.

"மச்சான், முட்டி ரெண்டு இன்ச் மேல போயிருக்கு. மனுசக் காலு அப்படி வராது."

"அவன் மனுசனே இல்ல, மாப்ள."

விட்டேனா பார் என்று எரிகல்லோனின் தொடை நீண்டது. இவன் தேநீர் குடிக்கப் போன நேரம் அவன் வீரனுக்கு இடுப்பேறியது. அவன் ஃபோன் பேசப் போன நேரம் இவன் வீரனுக்கு மார்பு விரிந்தது. ஏணி வந்ததும் இருவரும் ஏறினர், இறங்கினர், முறைத்தனர், மீண்டும் ஏறினர். வண்ணக் குழம்பு காதிலும் பிடரியிலும் வழிய, விலா எலும்பை இவன் எண்ணிப் பன்னிரண்டு சோடி போட, அவன் வீம்புக்குப் பதினான்கு போட, அண்டம் அளக்கப் புறப்பட்டவர்போல் வளர்ந்த அவ்விரு வீரரும் வெள்ளி நண்பகலில் கழுத்தோடு போய்க் கூரையில் இடித்து நின்றனர்.

தலைக்கு இடமில்லை.

பேயறைந்தவர்போல் இருவரும் பெயிண்ட் டப்பாக்களின்மேல் உட்கார்ந்தனர். "தலையில்லாத ரெண்டு பேரப் பாத்தா புள்ள பயந்துடுமே மச்சான்" என்றான் நாயகன். அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. வண்ணத்தால் வந்த கண்ணெரிச்சல் என்று மச்சான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டான்.

அக்கணம் தொழில் கைகொடுத்தது. நாளெல்லாம் மேசையில் மல்லாந்து கிடப்போரையே பார்த்தவன் அல்லவா அவன்! துள்ளி எழுந்து முழங்கினான்: "படுத்திருக்கறவங்க சுவத்தப் பாக்கவே மாட்டாங்க மச்சான்! மேலதான் பாப்பாங்க!"

கழுத்துகள் வளைந்தன. தலைகள் கூரைக்குப் பாய்ந்தன. கூரையில் குனிந்து தொட்டிலை நோக்கும் முகங்களுக்குள் உயரமானவன் ஏது, குட்டையானவன் ஏது! இவன் வரைய அவன் ஏணி பிடித்தான். அவன் வரைய இவன் பிடித்தான். கடைசியில், யாரும் கேளாமலே, எரிகல்லோனின் கோணல் மூக்கை நீலக் கட்சி மச்சானே நிமிர்த்திவிட்டான். மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஈரம் உலர ஃபேனைப் போட்டான்.

மணி நாலு. ஆணையிட்டவள் வந்தாள். பனைமரம்போல் நின்ற நான்கு கால்களை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்.

கண் திறந்தது. இனி ஆறாண்டு வழக்குக்குத் தீர்ப்பு! முதற்பார்வை எவனுக்கோ அவனுடையதே இக்குழந்தை, அவனுடையதே வரும் ஞாயிறெல்லாம் என்று இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்து அசையாது நிற்க, அச்சிறு விழிகள் சிவப்புத் தலைமேல் ஊர்ந்து, நீலத் தலைமேல் தவழ்ந்து, இரண்டுக்கும் நட்டநடுவே வந்து, இமைகொட்டாமல், பேரானந்தத்தோடு நிலைத்தன.

குழந்தை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது.