அளவோடு அருந்தியவர் ஆரோக்கியம்மாள்

இதயம் என்பது மனித உடலின் முக்கியமான உறுப்பு. அதைக் காப்பதற்காக மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில், உரக்கடைக்கு மேல் மாடியில், 'வட்டார இதய நல்வாழ்வு ஊக்குவிப்பு அலகு' என்று ஓர் அலுவலகம் இயங்குகிறது. படி செங்குத்தானது. இதயம் பலவீனமானவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நான் அங்கே தட்டச்சர். பேர் சுகுணா. இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னதை அடித்துக் கொடுத்து வருகிறேன், அடித்தது சரியா என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் அலுவலர் மாதவராஜ் போன தை மாசம் பெங்களூரில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனார். டீ குடிக்கிற மனுஷனாகப் போனவர், நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸோடு திரும்பினார். வீட்டில் அதில் சிவப்பு ஒயின். ஆபீசில் அது கூடாதே, அதனால் டீயை ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார். முதல் வாரத்திலேயே மூன்று சட்டை நாசம்.

"சுகுணா, பிராந்தி குடிக்கிறவன் குடிகாரன். ரெட் ஒயினை அளவோடு அருந்தறவனுக்கு இதய நோயே வராது. உலகமே சொல்லுது."

"அளவுன்னா எவ்வளவுங்க சார்?"

"அளவைக் கேக்கக் கூடாது. அது ஒரு கல்ச்சர்."

கேட்டது என் தப்பு.

அந்த நேரம் பார்த்து வருஷாந்திரப் பட்டியல் வந்தது. கம்பைநல்லூர் பக்கம் சவேரியூர் என்று சின்ன ஊர், எல்லாரும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அங்கே ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அறுபது பேர், அதில் ஐம்பத்தோரு பேருக்குக் கட்டுக்குள். வேறெந்த ஊரிலும் பாதிகூட இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் அலகிலிருந்து மாத்திரை கொண்டுபோகிற சுபா மாசா மாசம் வீடு வீடாக ஏறி இறங்குவாள். போன மாசத்துக் காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை. காட்டாவிட்டால் தெருவே கேட்கிற மாதிரி திட்டுவாள். ஆனால், 'சுபா திட்டினாள், அழுத்தம் குறைந்தது' என்று அறிக்கை எழுதினால் யார் பாராட்டுவார்கள்?

மாதவராஜ் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே ஆய்வுக்குப் போனார். கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. சாமியார் திராட்சை ரசக் கிண்ணத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், நம் ஆளுக்கு ஞானம் பிறந்துவிட்டது. பூசை முடிந்ததும், சாமியாருக்கு எடுபிடி செய்கிற கோவில்பிள்ளை பிலவேந்திரனைப் பிடித்துக்கொண்டார்.

"வாரா வாரம் ஒயின் உண்டா?"

"உண்டுங்க சார். ஆனா அது சாமியாரு மட்டுந்தான் குடிப்பாருங்க. எங்களுக்கெல்லாம் அப்பந்தான்."

"அப்ப நீங்க குடிக்கிறது எவ்வளவு?"

"ஒரு சொட்டுகூட இல்லீங்க."

மாதவராஜ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதைவிட அளவோட யாரால அருந்த முடியும்!"

மறுநாள் உத்தரவை நான்தான் அடித்தேன். 'சவேரியூர்வாசிகள் வழிபாட்டு நடைமுறை வாயிலாகச் சிவப்பு ஒயினின் பயனை மிக மிதமான அளவில் ஏற்கெனவே பெற்று வருவதாலும், ஒயினும் மாத்திரையும் ஒருங்கே செல்லுதல் உகந்ததன்று என்பதாலும், அவ்வூருக்கான மாத்திரை விநியோகம் மறு உத்தரவு வரும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' ஓர் எழுத்துப் பிழை இல்லை. சுபாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

பத்து நாள் கழித்து ஆரோக்கியம்மாள் வந்தார். அறுபத்து மூணு வயசு, மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் காலி அட்டை.

"சார், மாத்திர தீந்து போச்சுங்க. எங்கக்காளுக்கும் இப்பிடித்தான் பிரஷர் ஏறி, ஒரு பக்கம் இழுத்து, மூணு வருசம் பாயில கெடந்து செத்துச்சு. எனக்கு அத நெனச்சாலே பயமா இருக்குதுங்க."

"பூசைக்குப் போறீங்களா?"

"ஞாயிறு தவறாம போறனுங்க."

"அப்புறம் எதுக்கும்மா மாத்திரை? போகாதவங்களுக்குத்தான் விதியில இடம் உண்டு. நாலு வாரம் பூசைக்கு வரலைன்னு சாமியார்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

சாமியார் பொய் எழுத மாட்டேன் என்றுவிட்டார். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து பூசை தவறாத மனுஷி, மாத்திரைக்காக நாலு ஞாயிறு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மணியடிக்கிறபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுததாக என்னிடம் சொன்னார். ஐந்தாம் வாரம் சான்றோடு வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து.

"கிறுகிறுன்னு வருது, சுகுணா."

மாதவராஜ் பிரஷரை அளந்து பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பத்து. மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார், பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

"பாத்தியா சுகுணா! நாலே வாரம் ஒயினை நிறுத்தினாங்க, எப்படி எகிறுது பாரு! இதான் ஆதாரம்!"

"சார், மாத்திரையும்தான் இல்லீங்களே?"

"அது இந்த ஆய்வுல வராது. அடிக்காத."

நான் அடிக்கவில்லை.

"அப்ப மாத்திர?" என்றார் ஆரோக்கியம்மாள்.

"ஆய்வு முடியட்டும்மா. இடையில சாப்பிட்டா ரிசல்ட் கெட்டுப்போகும்."

அடுத்த வாரமே தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. 'மிதமும் இதயமும்' என்று பேனர். மேலதிகாரிகள், டாக்டர்கள், வட்டாரப் பிரமுகர்கள் எல்லாரும் திரண்டிருந்தார்கள். ஆரோக்கியம்மாளை முன் வரிசையில் ஆதாரமாக உட்காரவைத்து, அவர் பிரஷர் அளவை எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். மாதவராஜுக்குச் சால்வை. ஒரு டாக்டர், "நானும் இப்பல்லாம் ஒயின்தான்" என்று மைக்கில் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன், எனக்கும் ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார்களே.

அப்புறம் சாப்பாடு, மட்டன் பிரியாணி. ஆரோக்கியம்மாள் என் பக்கத்து இலையில். சாப்பிட்டு முடித்ததும்தான் அதைக் கவனித்தேன். கைதட்டிய கைகள் எல்லாம் சட்டைப் பைக்கும் கைப்பைக்கும் போயின. மாத்திரை அட்டைகள் வெளியே வந்தன. டப், டப் என்று மாத்திரை பிதுக்குகிற சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது. அந்த டாக்டர் ஒன்று போட்டுக்கொண்டார். மாதவராஜ் இரண்டு. எல்லாம் சுபா கொடுத்துக்கொண்டிருந்த அதே வெள்ளை மாத்திரைதான்.

நானும் பையைத் திறந்து என் அட்டையை எடுத்தேன். எனக்கும் ஆறு வருஷமாகப் பிரஷர் உண்டு. மறந்ததே இல்லை.

ஆரோக்கியம்மாள் அதையே பார்த்தார். இடது கையை மெதுவாக நீட்டினார்.

"எனக்கு ஒண்ணு குடு, கண்ணு."

அட்டையில் இன்னும் ஏழு இருந்தன. கொடுத்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய வாய், நான் யோசிக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டது.

"மறு உத்தரவு வரலீங்களே, ஆரோக்கியம்மா."

சொல்லிவிட்டு, என் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.