மேலாளர் தோற்காத இருபத்தெட்டு

ஜெயிக்க மூளை வேண்டும் என்று சொல்லும் ஆட்டங்கள் உலகில் ஆயிரம் உண்டு. தோற்கத்தான் மூளை வேண்டும் என்று கண்டுபிடித்த பெருமை, ஸ்ரீரங்கத்தில் இயங்கும் வாழைநார் மேம்பாட்டு வாரியத்தின் மண்டல அலுவலகத்தையே சேரும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அங்கே நடப்பதைச் சீட்டாட்டம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அது "வியூகத் திறன் வளர்ப்புக் கூட்டம்". வருகைப் பதிவேடு உண்டு, போண்டா உண்டு, அறிக்கையும் உண்டு.

முசிறிக் கிளையில் வேலை பார்க்கும் வளவனுக்கு அன்றுதான் முதல் அழைப்பு. வீடு எடமலைப்பட்டி புதூரில். மகள் எழுவதற்கு முன்னால் பஸ் ஏறுபவன், அவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவான். அப்பாவை வரையச் சொன்ன டீச்சரிடம் பிள்ளை ஒரு பஸ்ஸை வரைந்து கொடுத்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் பக்கமான ஸ்ரீரங்கம் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் மண்டல மேலாளர் பெரியண்ணன்.

தலைமை எழுத்தர் ஸ்டீபன்ராஜ் அவனைப் படிக்கட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"இருபத்தெட்டு ஆடத் தெரியும்ல?"

"தெரியுங்க சார். ஜாக்கிக்கு மூணு புள்ளி, ஒம்பதுக்கு ரெண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒண்ணு. ராஜாவுக்கு ஒண்ணுமில்ல."

"அங்கதான் நாங்க ஒரு திருத்தம் பண்ணியிருக்கோம். ராஜா தோக்கக் கூடாது."

"எந்த ராஜா சார்?"

"நம்ம மேலாளர்தான். ஆனா விட்டுக்கொடுக்கறது அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சா அவமானமா நெனைப்பாரு."

இவ்வளவு நுட்பமான ஆட்டத்தில் வளவனுக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் அப்துல் சலாம். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர், யாருக்கும் பயப்பட வேண்டாதவர். மனுஷன் நிஜமாகவே ஜெயிக்க ஆடினார். எதிரணியில் மேலாளரும் ஸ்டீபன்ராஜும். வளவன் வேண்டுமென்றே கைக்கு மீறி இருபது புள்ளி எடுப்பதாகக் கேட்டு, ஆட்டின் எனும் ஹார்ட்டில் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்தான். சலாம் பாய் விடுவாரா? பிடிமேல் பிடியாகப் பிடித்துப் பதினெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பாவி மனுஷன் குடியைக் கெடுத்துவிடுவார் போலிருந்தது வளவனுக்கு.

ஆளுக்கு இரண்டு சீட்டு மிச்சம். மேலாளர் ஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். வளவனிடம் ஸ்பேட் இல்லை. துருப்பைத் திறந்து வெட்டினால் ஆட்டம் ஜெயம், மாற்றல் அவ்வளவுதான். துருப்பைத் திறக்காமலே, கையிலிருந்த ஆட்டின் ஜாக்கியைத் தூக்கிப் போட்டான். திறக்காத துருப்பு வெறும் சீட்டுதான். இரண்டு ஜாக்கியும் மேலாளர் பக்கம் போக, பதினெட்டிலேயே நின்று தோற்றான்.

"என்ன தம்பி, ஜாக்கியத் தூக்கித் தானம் பண்றீங்க?" சலாம் பாய்க்கு வயிறு எரிந்தது.

"துருப்பு ஞாபகமே இல்ல பாய்" என்று தலையில் அடித்துக்கொண்டான் வளவன். கண்கூட லேசாகக் கலங்கியது.

பெரியண்ணன் அவனைத் தன் அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, டீயும் வரவழைத்தார். மாற்றல் விண்ணப்பம் மேஜைமேல் இருந்தது.

"பாய் இழுத்துட்டுப் போன ஆட்டத்த ஒரே சீட்டுல கவுத்துட்டீங்களே வளவன். அதுக்கு மேல அந்த வருத்தம் இருக்கு பாருங்க, அடடா."

"தெரியாம நடந்துருச்சுங்க சார்."

"என்கிட்டயேவா? எனக்கு முன்னால இருந்த மேலாளர்கிட்ட எட்டு வருஷம் தோத்தவன் நான். அவரு உட்கார்ந்த நாற்காலிதான் இது."

வளவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமையே மகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்துக்கொண்டான். பெரியண்ணன் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினார்: "மிகத் திறமையானவர். முசிறிக் கிளைக்கு இன்றியமையாதவர். நிராகரிக்கப்படுகிறது."

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"பாய் முப்பது வருஷமா ஜெயிக்கத்தான் ஆடறாரு, இன்னும் கிளார்க்காவே இருக்காரு. அவரால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இவ்வளவு நல்லாத் தோக்கறவரப் பக்கத்துல வெச்சுக்கிட்டா, நான் எங்கங்க போறது?"