சீர் லாரியில் வந்த ஜெர்மன் அடுப்பு

கல்யாணப் பெண்ணிடம் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. (எங்கள் வீட்டில் இது என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த சட்டம்.)

அப்பாவுக்குச் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. மேகமலையில் இடித்த ஒரு எஸ்டேட் பங்களாவின் தேக்குக் கதவுகளை வாங்கப் போனவர், கூடவே ஒரு பழைய ஜெர்மன் அடுப்பையும் ஏற்றிவந்தார். சமைக்கிற அடுப்பு இல்லை. குளிர்காய அறைக்குள் கட்டி வைப்பது. ஆள் உயரம், உடம்பெல்லாம் பீங்கான் ஓடுகள். ஓடுகளில் நீலப் பூ, மான், குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரி. சின்னமனூர் வெயிலில் அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. (பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு.)

என் கல்யாணப் பந்திக்கும் தாம்பூலப் பைக்குமான தார்கள் மண்டியில் வந்து இறங்கின. அறையை அடைத்து, சட்டியில் புகை போட்டுப் பழுக்க வைப்பது வழக்கம். இந்த அடுப்பு இருக்கச் சட்டி எதற்கு, புகை சீராகப் பரவும், எல்லாம் ஒரே பதமாகப் பழுக்கும் என்று வகுப்பெடுத்தேன். போகப்போகிற பெண் கேட்கிறாளே என்று அப்பா கொத்தனாரை வைத்து அறை நடுவில் அதைக் கட்டினார். அம்மா வெள்ளைக்காரிக்குக் குங்குமம் வைத்தாள். நானே விறகை அடுக்கிப் பற்றவைத்தேன். எரிந்து அடங்கியதும் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் பூசினோம்.

தீ அணைந்தாலும் அந்த ஓடுகள் மறுநாள்வரை சூட்டை விடாது. அதற்காகத்தான் ஜெர்மன்காரன் அதைச் செய்ததே. சூட்டைப் பிடித்துவைக்கும் பொருள்களைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் கதவைத் திறந்ததும் பாயச வாசம் அடித்தது. அத்தனை தாரும் கறுத்து, வெந்து தொங்கின. அப்பா ஒரு காயைத் தொட்டார். தோல் கையோடு வந்தது.

"ஊருக்கே பழம் குடுக்குறவன் நானு. எம் மக கல்யாணத்துக்கு எதிர் மண்டியில போயி நின்னா, என்ன சொல்லுவாக ஆத்தா?"

போய் நின்றார். எதிர் மண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் பழுத்த தார்களை அனுப்பினார். ஆனால் கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்து, தன் பழம் எப்படி என்று அக்கம்பக்கத்து இலைகளில் எல்லாம் விசாரித்தார். அப்பா பந்தி முடியும்வரை சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் கம்பத்துக்குச் சீர் லாரி கிளம்பியது. கட்டில், பீரோவுக்கு நடுவில், பிரித்துச் சாக்கில் கட்டிய அந்த அடுப்பும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு பெரிய சீரா என்று மலைத்துப் போனார்கள்.

இப்போதும் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, நான் அங்கேயே வந்துவிடுகிறேன் என்று போன் செய்தால், அப்பா ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்.

"வா ஆத்தா, எத்தன நாளுன்னாலும் இரு. அடுப்ப மட்டும் அங்கனயே விட்டுட்டு வா."