நாற்காலிக்கு நற்சான்று

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியைத் தூக்கி எறியப் போவதாக மனைவி அறிவித்தபோது, லேப்காரர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாளோ என்று அவருக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

"நாற்காலியை மட்டும்தானே?"

"இப்போதைக்கு."

ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடமாகக் கிருமி எண்ணும் மனிதர் அவர். தெருவே 'லேப்காரர்' என்றுதான் கூப்பிடும். வேலை முடிந்து வந்து அந்தத் துணி நாற்காலியில் பொத்தென்று விழுந்தால்தான் அவருக்குப் போன உயிர் திரும்பும். பதினோரு வருடமாக அவர் உடம்புக்கென்றே குழிந்துபோன நாற்காலி. காப்பி நிறம். கைப்பிடிகளில் எண்ணெய் மினுமினுப்பு. இடுக்குகளில் கடலைத்தோல், பேனா மூடி, காணாமல் போன மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். தலை சாயும் இடத்தில் தலை வடிவிலேயே ஒரு கறை. அவர் வீட்டில் இல்லாதபோதும் இருப்பது போலவே தோன்றும். கடன் கேட்டு வந்தவர்கள்கூட அதற்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

சோபா என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் உட்கார்ந்தால் உறை சுருங்கும். உறை சுருங்கினால் மனைவியின் முகம் சுருங்கும். எதற்கு வம்பு?

அந்த வீட்டில் மூன்று பேர், மூன்று மதம். மனைவி, சோப்பைக் கழுவிவிட்டுத்தான் அந்தச் சோப்பால் கை கழுவுவாள். லேப்காரரோ, "அழுக்கால செத்தவன் எவன்?" என்கிற கட்சி. மூன்றாவது ஆள் மனைவியின் அண்ணன். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் தங்கிப் போகலாம் என்று வந்தார். நாலு வருடமாகிறது, வண்டி இன்னும் கிளம்பவில்லை. கண்ணில் படாத அழுக்கு அழுக்கே இல்லை என்பது அவருடைய வேதம். கூட்டச் சொன்னால் கூட்டுவார், எல்லாவற்றையும் கூடத்து மிதியடிக்கு அடியில். மிதியடி இப்போது நடுவில் குன்றுபோல் எழும்பியிருந்தது.

"அழுக்குன்னு எதை வெச்சுச் சொல்றே?" என்று நாற்காலியை விடாமல் கேட்டார் லேப்காரர்.

"கண்ணை வெச்சு."

"கண்ணு பொய் சொல்லும்."

"மூக்கு?"

"மூக்கும் பொய் சொல்லும்."

"என்கிட்ட இருக்கறதெல்லாம் பொய். உங்க நாற்காலி மட்டும் அரிச்சந்திரனா?"

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. எழுந்து நின்றார். வீட்டில் அவர் எழுந்து நிற்பது அபூர்வம் என்பதால் மச்சான் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"விஞ்ஞானம் சொல்லட்டும்! என் நாற்காலியிலேருந்து ஒரு சாம்பிள். உன் சமையலறையிலேருந்து ஒரு சாம்பிள். ரெண்டையும் லேப்ல வளர்த்துப் பார்ப்போம். யாரு யோக்கியம்னு தெரிஞ்சுடும்."

"சமையலறையில எதை எடுப்பீங்க?"

"பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு."

ஸ்பாஞ்சு என்பது கிருமிகளுக்கு மாமியார் வீட்டு விருந்து என்பது லேப்காரருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தார்.

மனைவி கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சரி. ரிப்போர்ட்டு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாத்திப் பேசற பரம்பரையா நாங்க?"

"அண்ணே, நீங்க சாட்சி."

"பச்சைக் கொடி காட்டியாச்சு" என்றார் மச்சான்.

சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளும் மனைவியைக் கண்டால் புத்தியுள்ள கணவனுக்கு முதுகுத்தண்டு ஜில்லிட வேண்டும். லேப்காரர் சீட்டியடித்துக்கொண்டு குளிக்காமல் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை சாம்பிள், ஞாயிற்றுக்கிழமை முடிவு என்று ஏற்பாடு. ஆனால் ஆழம் பார்க்காமல் காலை விடக் கூடாதே! திங்கட்கிழமை காலையே, யாருக்கும் தெரியாமல், பஞ்சுக் குச்சியால் நாற்காலியை ஒரு தடவு தடவி லேபுக்கு எடுத்துப் போனார். கிருமி வளர்ப்பதற்கென்று கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டு ஒன்றில் அதைத் தேய்த்து, சூட்டுப் பெட்டியில் வைத்தார்.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். மறுபடி மெதுவாகத் திறந்தார். தட்டில் வளர்ந்திருந்ததைக் கிருமி என்று சொல்வது அதற்கு அவமரியாதை. அது ஒரு நாகரிகம். பச்சையில் ஒரு பேட்டை, மஞ்சளில் ஒரு பேட்டை, நடுவே தாடி வைத்த ஒன்று. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சக ஊழியர் கவலையோடு கேட்டார்:

"எந்த வார்டு சார்? ஆளு இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்காரு" என்றார் லேப்காரர் பலவீனமாக.

இதற்கு முன்னால் எந்த ஸ்பாஞ்சு நிற்கும்? ஜெயிக்க ஒரே வழிதான் இருந்தது. பதினோரு வருடமாக மனைவி கரடியாய்க் கத்தியும் செய்யாத காரியம். நாற்காலியைக் கழுவ வேண்டும். கழுவினது தெரியவும் கூடாது.

அதிர்ஷ்டம் பாருங்கள், அன்று மாலையே மனைவி, "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், வர சாயங்காலம் ஆகும்" என்றாள். போகிறபோது சோப்புத்தூளையும் புது பிரஷ்ஷையும் பால்கனியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள். கடவுள் இருக்கிறான் என்று முடிவு கட்டினார் லேப்காரர். லீவு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் பக்கெட் தண்ணீர் தார் போல் போயிற்று. இரண்டாவது, கஷாயம். மூன்றாவது பக்கெட்டில் மச்சான் குனிந்து பார்த்து, "மாப்பிள்ளை, பூ!" என்றார்.

"என்ன பூ?"

"நீலப் பூ. இலைகூட இருக்கு."

லேப்காரர் தேய்ப்பதை நிறுத்தினார். காப்பி நிறம் என்று சத்தியம் பண்ணத் தயாராயிருந்த துணி, வெள்ளையில் நீலப் பூ போட்டுச் சிரித்தது. கடையில் வாங்கியபோது, "பூப்போட்டதா எடுங்க" என்று மனைவி அடம்பிடித்த ஞாபகம் மெல்ல எழும்பி வந்தது.

"போச்சு மச்சான்! வாசப்படி ஏறும்போதே கண்டுபிடிச்சுடுவாளே!"

"சிவப்புக் கொடிதான்" என்று மச்சானும் ஒத்துக்கொண்டார்.

மூளை உள்ள மனிதன் ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு செய்வான். லேப் மூளை உள்ள மனிதன் அதைக் கொதிக்க வைத்துச் செய்வான். அரைப் பொட்டலம் டீத்தூளை அடுப்பில் ஏற்றி, ஒரு கிருமியும் மிஞ்சாதபடி அரை மணி நேரம் கொதிக்க விட்டு, நாற்காலி முழுக்கத் தெளித்தார். சுத்தமான அழுக்கு! உலகத்திலேயே முதன்முதலாகச் சுத்தமான அழுக்கைத் தயாரித்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பூ மறைந்தது. பழைய காப்பி நிறம் கிட்டத்தட்டத் திரும்பி வந்தது.

"தலைக் கறை?" என்றார் மச்சான்.

அது கழுவலில் போய்விட்டது. லேப்காரர் பதறினார்.

"பதறாதீங்க. சாய்ங்க. அளவு எடுத்துக்கறேன்" என்று மச்சான் சுண்ணாம்புக் கட்டியால் அவர் தலையைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு இரண்டு பேருமாக அதற்குள் கெட்டி டிக்காஷனைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி நிரப்பினார்கள். காது கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. மின்விசிறியை வைத்துக் காயவைத்து, லேபிலிருந்து கொண்டு வந்த ஸ்பிரிட்டை ஒரு இடம் விடாமல் பூசினார். கடலைத்தோலைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, பழைய இடுக்கிலேயே செருகினார். அவ்வளவு வேலையை அவர் கல்யாணத்தன்றுகூடச் செய்ததில்லை.

மாலையில் மனைவி வந்தாள். கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னமோ ஆஸ்பத்திரி வாசனை."

"ஆஸ்பத்திரியிலேருந்து வர்றவன் மேல பின்ன என்ன வாசனை வரும்?"

"இன்னிக்கு லீவுன்னு அண்ணன் சொன்னாரே?"

"ஆளுக்குத்தான் லீவு. வாசனைக்கு ஏது லீவு?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாற்காலியில் காது பெரிதாக இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பித்தோம் என்று லேப்காரர் மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார். மச்சான் சட்டென்று பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாம்பிள் எடுக்கும் வைபவம். நடுநிலையாளர் என்பதால் மச்சான்தான் குச்சியைப் பிடித்தார். நாற்காலி முடிந்ததும் மனைவி ஸ்பாஞ்சைக் கிண்ணத்தில் வைத்து, மேலே மூடி போட்டு, விருந்தாளிக்குக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தாள். திறந்ததும் மச்சான் இரண்டடி பின்னால் போனார். கறுத்து, கொழகொழத்து, ஒரு மாதிரி உயிரோடிருந்தது அது. இவ்வளவு சுத்தக்காரி கையில் இப்படி ஒரு ஸ்பாஞ்சா என்று லேப்காரருக்கு ஒரு விநாடி தோன்றியது. மறு விநாடியே மனசு துள்ளியது. ஊருக்கு உபதேசம்!

லேபில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனை என்றாலும், எதையும் தடவாத சும்மா தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. அவரும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று தட்டுகளையும் எண்ணினார். ஸ்பாஞ்சு தட்டில் எண்ணுவதற்கு இடமே இல்லை. சும்மா தட்டில் காற்றோடு வந்த இரண்டு புள்ளி. நாற்காலித் தட்டில் ஒன்றுமே இல்லை. சும்மா இருந்ததைவிடச் சுத்தமான நாற்காலி! வேறு யாருடைய சாம்பிளாக இருந்தாலும், ஏதோ கோளாறு என்று அந்த இடத்திலேயே குப்பையில் போட்டிருப்பார். ஆசை கண்ணை மறைத்தது. ரிப்போர்ட்டை டைப் அடித்து, பதவியோடு பெரிய கையெழுத்தாகப் போட்டு, மதியம் வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவே நின்று உரக்க வாசித்தார்.

"நாற்காலி: கிருமி இல்லை. சமையலறை ஸ்பாஞ்சு: எண்ணி மாளாது. எதையும் தொடாத தட்டு: இரண்டு."

"அப்ப ஒண்ணுமே இல்லாததைவிட உங்க நாற்காலி சுத்தம்?" என்று கேட்டாள் மனைவி.

"நான் சொல்லலை. விஞ்ஞானம் சொல்லுது."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அண்ணே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா."

மனைவி ஈரக் கையைத் துடைத்தாள். ரிப்போர்ட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், அது என் நாற்காலி!"

"இன்னிக்குக் காலை வரைக்கும். வீட்டுலேயே சுத்தமான இடம் இதுதான்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. சுத்தம் சுத்தம்னு உயிரை விடறவ நான். நான் உட்காராம, அழுக்கால செத்தவன் எவன்னு கேக்கற நீங்களா உட்காருவீங்க?"

லேப்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டுத் தடுமாறி, "சரி, சாப்பாடு எடுத்து வை, அப்புறம் பேசலாம்" என்றார்.

"சமையலறையிலயா? எண்ணி மாளாத கிருமி இருக்கற இடத்துல என்னை நிக்கச் சொல்றீங்களா? எனக்கு உடம்புக்கு ஆகாது. உங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். இனிமே பாத்திரம், அடுப்பு எல்லாம் உங்க பொறுப்பு."

"அது... அந்த ஸ்பாஞ்சைப் பார்த்தப்பவே நினைச்சேன்! நீ தினம் தேய்க்கிறது மஞ்சள். அது கறுப்பு!"

"ஆமா. அது குளியலறைச் சாக்கடை வாய் தேய்க்கிறது. நாலு நாள் டப்பாவுல மூடி, வெந்நீர் தெளிச்சு வளர்த்தேன். நீங்க நாற்காலியை ஜெயிக்க வெச்சீங்க, நான் ஸ்பாஞ்சைத் தோக்க வெச்சேன்."

"மோசடி! இந்த ரிப்போர்ட்டு செல்லாது!"

"செல்லாதா?" மனைவி இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "அப்ப நாற்காலிக்குக் கொடுத்த சான்றும் செல்லாது. சாயங்காலம் குப்பை வண்டி வரும். கிழிக்கட்டுமா?"

காகிதம் ஓர் ஓரத்தில் லேசாகக் கிழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் லேப்காரரின் நெஞ்சுக்குள் கேட்டது.

"கிழிக்காதே!"

அவர் மச்சானைப் பார்த்தார். பார்வையில் அம்பு இருந்தது.

"விசாரணைன்னு வந்துட்டா கார்டு பொய் சொல்லக் கூடாது மாப்பிள்ளை" என்றார் மச்சான். "அதுவும் புதன்கிழமை ராத்திரியே விசாரணை வந்துடுச்சு."

"புதன்கிழமையா? நான் கழுவினதே வியாழக்கிழமை!"

"கழுவப் போறீங்கன்னு தங்கச்சிதான் எனக்குச் சொல்லிச்சு. கூட இருந்து ஒத்தாசை பண்ணச் சொல்லிச்சு."

லேப்காரர் சமையலறைக்குள் போனார். தொட்டி நிறையப் பாத்திரம். மஞ்சள் ஸ்பாஞ்சு பளிச்சென்று, புத்தம் புதிதாக, குழாயடியில் காத்திருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் தட்டை எடுத்தார்.

கூடத்திலிருந்து நாற்காலி முனகும் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு தூக்கக் கலக்கத்தோடு மனைவியின் குரல்:

"ஏங்க... இது இவ்வளவு சுகமா இருக்கும்னு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"