கறள் அண்ணையும் என் செம்மஞ்சள் தோணியும்

திருகோணமலையில் யுத்தத்துக்கு அடுத்தபடியாக ஆட்களைக் கடலுக்குப் போகவிடாமல் மறித்தவர் கறள் அண்ணைதான்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஓர் இரும்புச்சாமான் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், ஊர் அதை மறந்து கனகாலம். இரும்பில் படிகிற கறள்தான் அவருடைய பரம எதிரி. கடையின் முன் தட்டில் வரிசையாக ஜாம் போத்தல்கள். உள்ளே கடல் தண்ணீர், அதற்குள் ஓர் ஆணி, வெளியே ஊறப்போட்ட தேதி. கொழும்பிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு மாதம் ஊறிப் பாஸ் பண்ணினால்தான் விற்பனைக்கு வரும்.

பாஸ் பண்ணினாலும் லேசில் தரமாட்டார். எதில் அடிக்கப் போகிறீர், வெயில் படுமா, உப்புக்காற்று படுமா என்று தொடங்குவார். காவல் சென்றியில் நிற்கிற ஆமிக்காரன்கூட அவ்வளவு கேட்டதில்லை. ஒருநாள் மூதூர் வியாபாரி ஒருவர் சாமான் பெட்டியை மூட ஒரு கைப்பிடியளவு ஆணி கேட்டார். பெட்டி எத்தனை வருஷம் இருக்கவேணும் என்றார் இவர். மூதூர் போய்ச் சேருமட்டும் இருந்தால் காணும் என்றார் அவர். லோஞ்சுப் படகில் தண்ணீர் தெறிக்கும், இந்த ஆணி சரிவராது என்று அந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாட்டிக்கொண்டவன் நான்.

நான் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தனான். வெள்ளைக்காரர் வருவது நின்றதும் முதலாளி கடையைக் கட்டினார். இருக்கிறதில் ஆளுக்கொன்றைக் கொண்டுபோங்கள் என்றார். கெட்டிக்காரர் மின்விசிறியும் மெத்தையும் கொண்டுபோனார்கள். எனக்கு மிஞ்சியது வெள்ளைக்காரர் விளையாடுகிற ஒற்றையாள் தோணி. பைபர் கிளாஸ், செம்மஞ்சள் நிறம், மேலே ஏறி இருந்து துடுப்புப் போடவேணும். கடலே தெரியாத பாலையூற்றில் அதை வண்டிலில் கொண்டுவந்து இறக்கினேன். என் மனிசி சுற்றிப் பார்த்துவிட்டு, இதுக்குள்ளே சோறு அவிக்கலாமோ என்று கேட்டாள்.

அவளுடைய கோபம் நியாயம்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலை இல்லை, நிவாரண மாவில் ரொட்டி. எஞ்சின் படகுகளுக்குத் தடை என்றாலும் கையால் வலிக்கிற தோணிகள் பகலில், ஓர் எல்லைக்குள் போகலாம். அதற்கு நேவி தருகிற பாஸ் வேணும். பாஸின் இலக்கத் தகட்டைத் தோணியில் இறுக்கிப் பூட்டவேணும். கயிற்றால் கட்டினால் ஏற்கமாட்டார்கள். நங்கூரக் கயிறு கட்ட ஒரு கொளுவியும் வேணும், இல்லாவிட்டால் நீரோட்டம் எல்லைக்கு அப்பால் இழுத்துவிடும். தகட்டுக்கு நாலு, கொளுவிக்கு நாலு என்று நாலு பேருடைய வயிறு எட்டு ஓட்டைகளில் தொங்கியது.

நான் ஸ்குரூக் கேட்டுப் போக, கறள் அண்ணை தோணியை நேரே பார்க்கவேணும் என்று பாலையூற்றுக்கே வந்தார். டொக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல அதை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். மரத்துக்குப் போடுகிற ஸ்குரூ இதில் நில்லாது, ஆட ஆட ஓட்டை பெருக்கும் என்றார். றிவெட்டு அலுமினியம், தகடு இரும்பு, இரண்டும் உப்புத்தண்ணீரில் ஒன்றையொன்று தின்னும் என்றார். சரியான சாமான் துருப்பிடிக்காத போல்ட்டும் உள்பக்கம் அகல வொஷரும் நட்டும்தான். ஆனால் தோணியோ முட்டைபோல நாலுபக்கமும் மூடியது. உள்ளே நட்டை யார் பிடிப்பது?

"கை போற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டோணும்" என்றார்.

"எதில அண்ணை?"

"தோணியிலதான். பிறகு மூடி போடலாம்."

தோணி மிதக்கவேண்டும் என்று வந்தவனிடம் தோணியில் ஓட்டை போடச் சொல்கிற மனுஷனை என்ன செய்வது? அதுவும் உடனே இல்லை. புதுப் போல்ட்டுகள் இப்போதுதான் போத்தலுக்குள் போயிருக்கின்றன. நான் நாள்தோறும் கடைக்குப் போனேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் பத்து நாள் என்பார். அடுத்த நாளும் பத்து நாள்தான். ஒருநாள் அங்கேயே நின்று அழுதுவிடுவேன் போல இருந்தது. சின்னவள் காலையில் ரொட்டியைத் தள்ளிவிட்டிருந்தாள்.

அன்றைக்கே சந்தைப்பக்கம் இன்னொரு கடையில் எட்டு ஸ்குரூ வாங்கினேன். பத்து நிமிஷத்தில் தகடும் பூட்டியாயிற்று, கொளுவியும் பூட்டியாயிற்று. சோதித்த நேவிக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். இரண்டு கிழமை வீட்டில் மீன் மணத்தது. கறள் அண்ணையின் கடைக்கு முன்னால் மீன் கோர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். மனுஷன் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

பிறகு ஒரு காலை காற்று மாறியது. நங்கூரக் கயிறு ஒரு இழுவை இழுத்தது, கொளுவி நாலு ஸ்குரூவோடும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அந்த ஓட்டைகளால் தண்ணீர் உள்ளே இறங்கித் தோணி ஒருபக்கம் சரிந்தது. அலை அடித்த அடியில் தகடும் எங்கோ கழன்று விழுந்தது. நான் துடுப்பைப் போட்டு மாரடித்துக்கொண்டிருக்க, நீரோட்டம் என்னைத் துறைமுக வாய்ப் பக்கம் கொண்டுபோயிற்று. இலக்கம் இல்லாத தோணி, தடைசெய்த கடல், தமிழன். நேவிக்காரர் வந்து என்னையும் தோணியையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

தகடு தானாக விழாது, நீதான் கழற்றியிருக்கிறாய் என்றார் அதிகாரி. அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், சத்தம் போடவும் இல்லை. ஸ்குரூ எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்தச் சந்தைக் கடைக்காரப் பாவியையும் கொண்டுவந்து பக்கத்தில் இருத்துவார்கள். சொல்லாததால் என்மேல் சந்தேகம் இறுகியது. உள்ளே போய்த் திரும்பாதவர்களைத் தேடி முகாம் வாசலில் நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். என் மனிசியும் நாளைக்கு அந்த வரிசையில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கறள் அண்ணை வந்தார். மனிசி அவரிடம்தான் ஓடியிருக்கிறாள். கழுத்துமட்டும் பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்த ஸ்குரூ நான்தான் வித்தனான் ஐயா. பழுதான சாமான். தெரிஞ்சுகொண்டுதான் வித்தனான்."

அதோடு விட்டாரா? அதிகாரியைத் தோணியடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுக்காட்டி, பைபர் எப்படி நொறுங்கும், பூச்சு எப்படி உரியும் என்று அரைமணித்தியாலம் விளக்கினார். அதிகாரி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில், நீர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வையும் என்று ஒரு தாளை நீட்டினார். அவரை மறித்து வைத்திருந்தாலும் கேட்க ஆளில்லை. பேனையை வாங்கினார். எழுதினார். எங்கள் இருவரையும் விட்டார்கள்.

வெளியே வந்ததும் அவரை மறித்துக்கொண்டு நின்றேன். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னால் உம்மை விடுவாங்களோ? வித்தவன் எண்டு ஒருத்தன் வந்து ஒப்புக்கொண்டால்தான் நம்புவாங்கள். நடவும் தம்பி, பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்."

அடுத்த கிழமை அவரே வந்து என் தோணியில் ஓட்டை வெட்டினார். முழங்கைமட்டும் கையை உள்ளே விட்டு நட்டைப் பிடித்தார், நான் வெளியே முறுக்கினேன். அந்தப் போல்ட்டுகள் பிறகு ஒருநாளும் அசையவில்லை, நாங்கள் சாப்பிட்டோம். ஆனால் கதை ஊருக்குள் பரவிவிட்டது. கறள் அண்ணை பழுதான சாமான் விற்று ஆளைக் கொல்லப் பார்த்தாராம் என்றார்கள். பாதிப் பேர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன் என்று எத்தனையோ தரம் கெஞ்சினேன். பேப்பர் அங்கே கிடக்குது, வாயை மூடும், இரண்டு பேரும் திரும்ப உள்ளே போகவேணுமோ என்று அதட்டினார். ஒருவருக்கும் மறுப்புச் சொல்லாமல் அந்தப் பெயரோடேயே இருந்து செத்தும் போனார்.

அந்தத் தாள் இன்னும் எங்கேயாவது ஒரு கோப்பில் கிடக்கக்கூடும். அதில் இருப்பது பொய். கறள் அண்ணை தன் வாழ்நாளில் ஒருநாளும் ஒருவருக்கும் பழுதான ஆணி விற்றதில்லை.