காணாமற்போன சர்க்கார் பூச்சிகள்

சேந்தமங்கலத்துக்கு அடுத்த ஓர் ஊர் ஏரியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வாழ்ந்துவருவதை, நீர்ஜந்து இலாகா ஒரு பங்குனி மாதத்தில் கண்டுபிடித்தது. அதுவரை அவை இலாகாவின் அனுமதி இல்லாமலே வாழ்ந்திருந்தன. ஸ்பெஷல் ஆபீசர் சரவணமுத்து ஒரு சொம்புத் தண்ணீரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "அடேயப்பா, சந்தைக் கூட்டம்!" என்றார். அன்றே பூச்சிகள் சர்க்கார் சொத்தாயின. அவற்றைக் குறைவின்றிக் காக்கும் பொறுப்பு மணியக்காரர் கருப்பண்ணன் தலையில் விழுந்தது.

ஐப்பசியில் அடைமழை. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கோடியில் வழிந்தது. வழக்கம்போல ஊர் கூடிக் கரையில் கிடா வெட்டியது. மனம் குளிர்ந்துபோன கருப்பண்ணன், கெட்ட நேரம், ஆபீசரையும் விருந்துக்கு அழைத்துவிட்டார். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு ஒரு சொம்பு மொண்டு பார்த்தார். சந்தை கலைந்திருந்தது.

"மீதியெல்லாம் எங்கே, மணியக்காரரே?"

"மழைத்தண்ணி பெருகிப் போச்சுங்க. அங்கொண்ணு இங்கொண்ணா இருக்குமுங்க. கொஞ்சம் கோடியில வழிஞ்சு போயிருக்குமுங்க."

"சர்க்கார் சொத்து ஓடிப்போனதற்கா கிடா வெட்டினீர்?"

"ஏரி ரொம்புனதுக்குங்க, சாமி."

"இரண்டும் ஒன்றாக நடந்திருக்கிறதே! உம்முடைய மணியம் போயிற்று என்று வைத்துக்கொள்ளும்."

கருப்பண்ணனுக்குப் பகீரென்றது. பாட்டன் காலத்து மணியம் பூச்சியோடு போவதா? துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"எசமாங்க, ஒரு சங்கதிங்க. இன்னிக்குச் சமைச்சது இந்தத் தண்ணியிலதானுங்க. காணாமப் போனதுல பாதி கொழம்புல கெடக்குமுங்க. ஆரு எத்தனை வாட்டி ஊத்திக்கிட்டாங்கன்னு விசாரிச்சுப் போடலாமுங்களா?"

எல்லாரையும்விட அதிகம் ஊற்றிக்கொண்டவர் ஆபீசர்தான். வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, 'பருவ மாறுதலால் குறைந்தன, கோடையில் பெருகும், மேல்விசாரணை அநாவசியம்' என்று எழுதினார். பாவம், தம்மை அறியாமலே உண்மையை எழுதிவிட்டார்.

மணியம் தப்பியது. அடுத்த கோடையில் ஏரி வற்றிப் பச்சைக் குட்டையாயிற்று; வயல் வெடித்தது. ஆபீசர் சொம்பை மொண்டு பார்த்து ஆனந்தக் கூத்தாடினார். பூச்சி வளர்ப்பில் ஜில்லாவுக்கே முதல் ஏரி என்று கருப்பண்ணனுக்கு மெடல் வந்தது. குடிக்கத் தண்ணீரில்லாத ஊரார், நாக்கு வறள வறள, மேளம் கொட்டிக் கொண்டாடினார்கள்.

ஆவணியில் கொல்லிமலைமேல் மேகம் திரண்டது. மனைவி பொன்னாயி ஓடிவந்து, "ஏனுங்க, மழை வாருதுங்க!" என்றாள்.

"ஐயோ, ஊரோட மொதலிடம் போயிடுமே!" என்று மெடலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் கருப்பண்ணன். வெளியே வந்து பார்த்தால், அவருக்கு முன்னாலேயே ஊர் மொத்தமும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மழை அடுத்த ஊருக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொள்ள.